ஏலாது ஐயா

நேரில் நாங்கள் அவரை டீமேக்கர் ஐயா என்போம். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஏலாது ஐயா. எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது, முடியாது என்று பொருள்படும் அந்த ஒரு சொல்தான். நாம் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்பார், நடுவில் வெட்டமாட்டார். முடித்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "உது ஏலாது" என்பார். குரலில் கோபம் இருக்காது. வெளியே மழை பெய்கிறது என்று யாரிடமோ சொல்வது போல இருக்கும். அதனாலேயே அவரிடம் இரண்டாம் தடவை கேட்க யாருக்கும் வாய் வராது.

மஸ்கெலியாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, மூச்சு வாங்க ஏறிப்போக வேண்டிய தோட்டம் எங்களுடையது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று இலங்கையில் எங்கள் ஆட்களின் ஓட்டைப் பறித்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தோட்டத்தை வெள்ளைக்காரத் துரை ஒருவர் நடத்திக்கொண்டிருந்தார். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். கல்யாணமாகி வந்த மறுவருடமே எனக்கு ஸ்டோரில் வேலை கிடைத்தது. காய்ந்து வந்த தேயிலையில் கிடக்கும் குச்சிகளைப் பொறுக்கி எடுக்கும் வேலை. மலையில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்கள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். மழை இல்லை, அட்டைக்கடி இல்லை, காலுக்குக் கீழே காய்ந்த பலகை. எங்கள் தோட்டத்தில் ஈரம் இல்லாத தரை அந்த ஒன்றுதான்.

ஸ்டோர் முழுக்க ஐயாவின் பொறுப்பு. யாழ்ப்பாணப் பக்கத்து மனிதர். ஒட்டி உலர்ந்த உடம்பு. காக்கிக் கால்சட்டை, முழங்கால்வரை காலுறை, எந்த நேரமும் பொத்தான் போட்ட கோட்டு. மனைவியும் பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்து அவருடைய குவாட்டர்ஸில் தங்கிவிட்டுப் போவார்கள். அந்த நாட்களில் மட்டும் அவர் வீட்டுப் புகைக்கூண்டில் பகலிலும் புகை வரும்.

கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்கவைத்த பிறகு டிரையருக்குக் கொண்டுவருவார்கள். டிரையர் என்பது ஒரு சின்ன வீடு அளவுக்கு இரும்புப் பெட்டி. பின்னால் விறகு அடுப்பு. அடுப்பின் குழாய்களைச் சுற்றி வரும் சூடான காற்றை ஒரு பெரிய காற்றாடி பெட்டிக்குள் தள்ளும். உள்ளே தட்டுகள் ஒன்றின்கீழ் ஒன்றாகச் சங்கிலியில் நகரும். மேலே போட்ட ஈரத் தேயிலை தட்டுத் தட்டாகக் கீழே விழுந்து, கடைசியில் பெட்டியின் வாயால் கறுப்பாக, மொறுமொறுவென்று கொட்டும். ஐயா நாள் முழுக்க அந்த வாய்க்குப் பக்கத்திலேயே நிற்பார். ஒரு பிடி அள்ளி முகர்வார். விரலுக்குள் நசுக்குவார். சில நேரம் தலையை ஆட்டிவிட்டு எல்லாவற்றையும் திரும்ப மேலே கொண்டுபோகச் சொல்வார்.

"மேலாலை காஞ்சிருக்கு. உள்ளுக்கை தண்ணி நிக்குது" என்பார்.

எங்கள் கண்ணுக்கு அது நன்றாகக் காய்ந்த தேயிலை. அவருக்கு இல்லை. இலையின் மேலே நிற்கும் தண்ணீர் சீக்கிரம் போய்விடும், உள்ளே நிற்கும் தண்ணீர் தன் நேரத்துக்குத்தான் வெளியே வரும் என்று அடுப்புப் பார்க்கும் மாரிமுத்து அண்ணனுக்கு அவர் ஓயாமல் சொல்வது எங்கள் காதிலும் விழும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் இலையின் மேல்தோல் இறுகி மூடிக்கொள்ளும். ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றிய பிறகு அந்த ஈரம் தன் வேலையைக் காட்டும். பெட்டியைத் திறக்கிறவனுக்குப் பூஞ்சணம்தான் மிஞ்சும்.

ஒரு மழைக்காலத்தில் கொழுந்து வந்து குவிந்துவிட்டது. துரையே ஸ்டோருக்கு வந்தார். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசினார்கள். துரை அடுப்பைக் கைகாட்டினார், கொழுந்துக் குவியலைக் கைகாட்டினார், குரலை உயர்த்தினார். ஐயா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு சுருக்கமாக ஏதோ சொன்னார். துரையின் முகம் சிவந்தது. அவர் போனதும் ஐயா மாரிமுத்து அண்ணன் பக்கம் திரும்பி, "சூட்டைக் கூட்டாதை. இருக்கிறபடியே இருக்கட்டும்" என்றார். துரைக்கும் ஏலாதுதான் என்று எங்களுக்கு அப்போது தெரிந்தது. அன்றைக்கு நாங்கள் சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எங்களுக்கு ஒரு பெருமைகூட.

ஆனால் அந்தச் சொல் எங்கள் மேல் விழுந்தபோது சிரிப்பு வரவில்லை. தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் ஸ்டோருக்குள் வெற்றிலை கூடாது, தலையில் பூ கூடாது, நனைந்த கம்பளியோடு உள்ளே வரக் கூடாது. மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாள் நாங்கள் சிலபேர் சந்தனமும் திருநீறும் மணக்க வேலைக்குப் போனோம். வாசலிலேயே நிறுத்திவிட்டார். வெளியே பீலிக் குழாயில் கொட்டும் தண்ணீரில் கழுத்தையும் கையையும் கழுவிவிட்டு வரச் சொன்னார். கை விறைக்கும் குளிர். எங்களில் ஒருத்தி, "சாமி சந்தனமுங்கய்யா" என்று இழுத்தாள்.

"சாமி கோயிலிலை இருக்கட்டும். இஞ்சை ஏலாது."

கழுவிவிட்டுத்தான் போனோம்.

எங்கள் லயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகரக் கூரை, ஒரு வரிசையில் அடுத்தடுத்துக் காம்பராக்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. அடுப்பும் அதற்குள்ளேயேதான், படுக்கையும் அதற்குள்ளேயேதான். புகைபோக ஒரு வழி கிடையாது. வைகாசியில் மழை பிடித்தால் மாதக்கணக்கில் விடாது. துணியை அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிடுவோம். தொட்டால் சூடாக இருக்கும். ஆனால் காய்ந்திருக்காது. பிழிந்தால் ஈரம் கசியும். பிள்ளைகளை அந்தத் துணியில்தான் சுற்றிப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவோம்.

என் மூத்த பிள்ளை பிறந்த வருடம் மழை முன்னமே தொடங்கிவிட்டது. பெண் பிள்ளை. தவழ ஆரம்பித்த வயதில் சளி பிடித்தது. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. தோட்டத்து டாக்டர் ஐயா தண்ணீர் மருந்து கொடுத்துவிட்டு, "ஈரத்துணி போடாதே, உலர்ந்த துணியா பாத்து சுத்து" என்றார். உலர்ந்த துணிக்கு நான் எங்கே போவேன்?

மறுநாள் ஸ்டோரில் ஐயாவின் முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, புள்ளைக்கு நெஞ்சு சளிங்க. ரெண்டு துணிதாங்க. அடுப்புக்குப் பின்னால அந்தச் செவுத்துல கொஞ்ச நேரம் போட்டு எடுத்துக்கிறேங்க. தேயிலப் பக்கம் கொண்டு வரமாட்டேங்க."

முழுக்கக் கேட்டார்.

"உது ஏலாது பிள்ளை. அந்தச் சுவரைச் சுத்திப் போற காத்துத்தான் தேயிலைக்குள்ளை போகுது. துணி மணம் ஏறினால் கொழும்பிலை ருசி பாக்கிறவன் வாயிலை வைச்ச உடனை கண்டுபிடிச்சிடுவான். ஒருத்திக்கு விட்டால் எல்லாருக்கும் விடவேணும்."

"ஒரே ஒரு நாளைக்குங்கய்யா."

"ஏலாது."

நான் அவர் சொல்லைக் கேட்கவில்லை. அடுத்த நாள் இரண்டு துணிகளை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போய், மாரிமுத்து அண்ணனிடம் கண்ணாலேயே கெஞ்சி, அடுப்புச் சுவரின் மூலையில் போட்டேன். அண்ணன் பார்க்காதது போல விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். குச்சி பொறுக்கியபடி நான் நேரத்தை ஓட்டினேன். உச்சிப்பொழுதுக்கு முன்பே ஐயா அந்தத் துணிகளோடு நாங்கள் குச்சி பொறுக்கும் அறைக்கு வந்தார்.

"ஆர் இதைப் போட்டது?"

"நான்தாங்கய்யா."

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் திட்டவில்லை. துணிகளை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். "கொண்டுபோய்க் குடுத்திட்டு வா" என்றார். துணி இளஞ்சூடாக இருந்தது. ஓரங்கள் காய்ந்திருந்தன, நடுவில் மட்டும் ஈரம். மாராப்புக்குள் அணைத்துப் பிடித்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு ஓடினேன். போய்ச் சேருவதற்குள் மழையில் நானும் நனைந்து, துணியும் நனைந்துவிட்டது.

அந்த வாரமே பிள்ளை போய்விட்டது.

புதைத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் ஐயா லயத்துக்கு வந்தார். ஸ்டோர் உத்தியோகத்தர்கள் லயத்துப் பக்கம் வருவதே கிடையாது. கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார். என் புருஷன் எழுந்து போய், "என்னங்கய்யா வேணும்?" என்று கேட்டார். ஐயா குடையை மடக்கி, தலையைக் குனிந்து காம்பராவுக்குள் பார்த்தார். அடுப்புப் புகை, கொடியில் தொங்கும் துணிகள், மூலையில் சுருட்டிய சாக்கு, எல்லாவற்றையும் பார்த்தார். உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். எடுத்துப் பார்த்தபோது கை முழுக்க ஈரம் பளபளத்தது.

"எப்பவும் இப்பிடியே?"

"மழ புடிச்சா இப்படித்தாங்க."

"இந்தக் காத்து தண்ணியாலை நிரம்பிப்போச்சு. நெருப்பு எவ்வளவு மூட்டினாலும் இதுக்கை ஒண்டும் காயாது."

"அதத்தானே எம்பொஞ்சாதி ஒங்ககிட்ட வந்து கேட்டுச்சு" என்றார் என் புருஷன்.

ஐயா குடையை மறுபடி விரித்துக்கொண்டு போனார். அவர் படியிறங்கும் வரை நான் தரையைவிட்டுத் தலையை உயர்த்தவில்லை. என் புருஷன் அன்றும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. மறுநாள் விடிந்ததும் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றுவிட்டார்.

சில நாட்களில் ஸ்டோருக்கு வெளியே தகரத்தால் ஒரு மறைப்புக் கட்டினார்கள். டிரையரிலிருந்து வேலை முடிந்து வெளியேறும் காற்று அந்த இடத்தில்தான் குழாய் வழியாகப் போகும். ஐயா தன்னுடைய பழைய பெனியனை நனைத்து அங்கே தொங்கவிட்டார். மாலையில் தொட்டுப் பார்த்தார். வெந்நீரில் முக்கி எடுத்தது போல இருந்தது. தேயிலையின் ஈரத்தை எல்லாம் வாங்கிக்கொண்டு வரும் காற்று, இனி எதிலிருந்து எதை வாங்கும்? அவரே தகரத்தைப் பிரிக்கச் சொன்னார். எதற்கு இந்த வேலை என்று எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு முன்னம் கடைசிக் கொழுந்து இறங்கிவிடும். அடுப்புத் தீயை இறக்கின பிறகும் டிரையர் கனநேரம் சூடாய்த்தான் நிக்கும். லயத்திலை இருக்கிற பிள்ளைத்துணியெல்லாம் கழுவி, நல்லாய்ப் பிழிஞ்சு கொண்டு வா."



"எனக்கு இனிமே எதுக்குங்கய்யா துணி?"

"உனக்கில்லை. மற்றப் பிள்ளையள் இருக்குதுகள்."

"மத்தப் புள்ளைங்க அன்னைக்கும் இருந்துச்சுங்க."

"ஓம்" என்றார்.  நான் திரும்பிவிட்டேன்.

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். அடுத்த காம்பராவில் ஒரு கைக்குழந்தை இருந்தது. இரண்டு காம்பராவுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரைவரை எட்டாது; அங்கே இருமினால் இங்கே கேட்கும். அந்தக் குழந்தையின் இருமல் என் பிள்ளையின் இருமலைப் போலவே இருந்தது. விடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு லயத்து வாசல்தோறும் போனேன். பாதிப்பேர் நம்பவில்லை. "ஏலாது ஐயாவா?" என்று கேட்டார்கள்.

ஐயா கோட்டைக் கழற்றி வைத்திருந்தார். அப்படி அவரைப் பார்த்ததே இல்லை. சங்கிலியை மெதுவாக ஓடவிட்டு, துணிகளை ஒவ்வொன்றாகத் தட்டில் பரப்பினார். பக்கக் கதவின் வழியே ஒரு குச்சியோடு கவனித்துக்கொண்டிருந்தார். ஒன்று சுருண்டு சங்கிலியில் மாட்டப் போனபோது ஓடிப்போய் எல்லாவற்றையும் நிறுத்தினார். பிறகு மறுபடி ஓடவிட்டார். தேயிலை கொட்டும் வாயால் பிள்ளைத் துணிகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ஓரத்தில் தேயிலைத் தூளின் கறை பிடித்திருந்தது. ஆனால் காய்ந்திருந்தன. மடித்தால் காகிதம் போலச் சத்தம் போட்டன. மாரிமுத்து அண்ணனின் மனைவி ஒரு துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

எல்லாம் முடிந்ததும் மற்றப் பெண்களை அனுப்பிவிட்டு ஐயா தட்டுகளைக் கழுவச் சொன்னார். கழிவுத் தேயிலையை உள்ளே விட்டு ஓட்டி, அதை அடுப்பில் போட்டு எரித்தார். குனிந்து ஒவ்வொரு தட்டாக முகர்ந்து பார்த்தார். திங்கட்கிழமை காய்ந்து வந்த முதல் தேயிலையில் சாயம் ஊற்றி வாயில் வைத்து, துப்பி, மறுபடி வாயில் வைத்துப் பார்த்தார். ஒரு வாசனையும் ஏறவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதுதான் வழக்கம். எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் தேயிலை மணந்தன. அடுத்த காம்பராக் குழந்தையின் இருமல் நின்றது. துணியால்தான் நின்றதா என்று எனக்குத் தெரியாது. மருந்தாலும் இருக்கலாம். நின்றது, அவ்வளவுதான்.

நான் கூடையைச் சுமந்தேனே தவிர ஐயாவோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசித் துணியை அவரிடம் நீட்டியபோது அதை வாங்காமல் என் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். பிறகு வாங்கித் தட்டில் பரப்பினார்.

காற்றாடியின் சத்தம் துரையின் பங்களா வரை கேட்கும். ஞாயிற்றுக்கிழமை பகலில் அது ஏன் ஓடுகிறது என்று பார்க்கத் துரை ஒருநாள் தானே நடந்து வந்துவிட்டார். அவர் உள்ளே நுழையவும் ஒரு துணி டிரையரின் வாயிலிருந்து விழவும் சரியாக இருந்தது. கைத்தடியின் நுனியால் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னா இது? ஸ்டோரா, டோபி வூடா?"

ஐயா இங்கிலீஷில் சொன்னார். அடுப்பைக் காட்டினார், தட்டுகளைக் காட்டினார், லயத்துப் பக்கம் கையை நீட்டினார். துரை நீளமாகப் பேசினார். கத்தவில்லை. ஐயா வேலையில் கெட்டிக்காரர் என்பது துரைக்குத் தெரியும். போக விடவும் மனமில்லை. கடைசியில் நாங்கள் எல்லாரும் கேட்கட்டும் என்று தமிழில் சொன்னார்:

"இன்னிக்கி சரி. இனிமே இல்லே. எப்பவும் இல்லே. சரின்னு சொல்லு டீமேக்கர், நான் மறந்துடறேன்."

 இன்னும் உள்ளே போகாத துணிகள் கூடையில் கிடந்தன. ஐயா அவற்றைப் பார்த்தார்.

"இந்த மழை முடியுமட்டும் நிப்பாட்ட ஏலாது சேர்" என்றார், அவரும் தமிழிலேயே.

துரை கைத்தடியை ஊன்றிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஐயா மிச்சத் துணிகளையும் ஒவ்வொன்றாகப் பரப்பி, எல்லாம் காய்ந்து விழுந்த பிறகுதான் காற்றாடியை நிறுத்தினார்.

மறுநாளே அவருக்கு வேலை போன செய்தி வந்தது. புதிதாக வந்த டீமேக்கர் நல்ல மனிதர்தான். எங்களோடு சிரித்துப் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை ஸ்டோரைப் பூட்டிச் சாவியைப் பங்களாவில் கொடுத்துவிட வேண்டும் என்பது அவருக்குத் துரையின் கட்டளை. அந்த மழை முடிவதற்குள் கீழ் லயத்தில் ஒரு குழந்தை இறந்தது. அடுத்த வருட மழையிலும் இறந்தன. அதன் பிறகு எனக்குப் பிறந்த இரண்டும் தப்பிப் பிழைத்தன. எப்படி என்று என்னால் சொல்ல முடியாது. உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டே படுத்தேன், அதுதான் எனக்குத் தெரிந்த வழி.

ஐயா போன நாளில் நான் வேலையில் இருந்தேன். தேயிலைப் பெட்டிகளை ஹட்டன் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும் லொறியிலேயே அவரையும் அனுப்பினார்கள். ஒரு தகரப்பெட்டியும் ஒரு படுக்கைச் சுருளும்தான் சாமான். மற்றப் பெண்கள் வாசலுக்குப் போய்க் கும்பிட்டார்கள். சிலபேர் அழுதார்கள். நான் உள்ளேயே உட்கார்ந்து குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒருத்தி வந்து, "ஒன்னத்தான் கேக்குறாரு, வா" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

லொறியின் முன் இருக்கையில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் போய் நின்றதும் கண்ணாடியை இறக்கினார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் மனதில் மன்னிப்பு இருந்ததா என்றும் தெரியவில்லை. அவர் அதைக் கேட்கவில்லை.

"பிள்ளையின்ரை பேர் என்ன?" என்றார்.

 புதைத்த நாளிலிருந்து அந்தப் பெயரை வீட்டில் நானும் சொல்லவில்லை, என் புருஷனும் சொல்லவில்லை. ஆயா சொல்லவில்லை. டாக்டர் ஐயா கேட்டதே இல்லை. டிரைவர் என்ஜினைக் கிளப்பிவிட்டார்.

"பவளம்" என்றேன்.

"பவளம்" என்று அவரும் ஒருமுறை சொன்னார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். லொறி வளைவில் திரும்பி இறங்கியது. பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. எந்தத் தோட்டத்தில் வேலை கிடைத்தது, கிடைத்ததா இல்லையா, ஒன்றும் தெரியாது.

சாயங்காலம் மலையிலிருந்து வந்த என் புருஷனிடம், ஐயா போய்விட்டார் என்றேன். "தெரியும்" என்றார். போகும்போது பிள்ளையின் பெயரைக் கேட்டார் என்றேன்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்னன்னு சொன்ன?"

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது: அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவர் காதால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். சொன்னேன். நனைந்த கம்பளியைக் கழற்றாமலே அவர் சுவரோரம் உட்கார்ந்து, பிள்ளை போன பிறகு முதல் தடவையாக, பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஓடி வரும் அளவுக்குச் சத்தம் போட்டு அழுதார்.